ஃபைபர் படகு அடில பாத்ரூம் ஆசிட் ஊத்த சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஏரியூர் பக்கத்துல இருந்து எழுதறேன், பென்னாகரம் தாலுக்கா, தருமபுரி மாவட்டம். உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கறவன், ஆனா லெட்டர்னு எழுதறது இதான் மொத தடவை, அதனால எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்கங்க, விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

போன வருஷம் வைகாசி மாசம் உங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துல ஒரு சின்ன பெட்டிக்குள்ள குறிப்பு ஒண்ணு போட்டிருந்தீங்க. ஃபைபர் போட்டு, அதான் கண்ணாடி நார் படகு, அது அடில ஒட்டியிருக்கற சிப்பி, பாசி எல்லாம் போகணும்னா பாத்ரூம் கழுவற ஆசிட ஊத்தி, பத்து நிமிஷம் ஊற விட்டு, கம்பி பிரஷ்ல அழுத்தி தேச்சா புதுசு மாதிரி பளபளன்னு ஆயிடும்னு. படிச்சேன். நம்ம ஊர்ல கடலா இருக்கு, எவன் போய் இத செய்யப்போறான்னு பக்கத்த திருப்பிட்டேன். என் மச்சான் திருப்பல. கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டான். இப்போ போன ஞாயிறு மறுபடியும் அதே குறிப்ப ஒரு வார்த்தை மாறாம போட்டிருக்கீங்க, இனி சும்மா இருந்தா சரிப்படாதுன்னு உக்காந்துட்டேன்.

இவனுக்கு இதுல என்ன தெரியும்னு கேப்பீங்க. சுனாமி வந்த மறுவருஷம், 2005ல, கடலூர் முதுநகர் பக்கம் ஒரு ஃபைபர் போட்டு கட்டற யார்டுக்கு வேலைக்கு போனேன். அப்போ நெவாரணமா படகு குடுக்கறோம்னு ஆளாளுக்கு ஆர்டர் குடுத்த நேரம், கட்டுமரம் போன எடத்துல எல்லாம் ஃபைபர் போட்டு வந்துக்கிட்டிருந்துச்சு, யார்டுல ஆள் பத்தல. நம்ம பக்கத்து பசங்க எல்லாம் பெங்களூருக்கு கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போவாங்க, நான் மட்டும் எதிர் தெசைல பஸ் ஏறினேன். பதினோரு வருஷம் இருந்தேன். மோல்டுங்கற அச்சுக்கு வேக்ஸ் தேய்க்கறதுல ஆரம்பிச்சு, கண்ணாடி நார் மேட் வெட்டறது, பூசினா இறுகிப்போற ரெசின் அடிக்கறதுன்னு போயி, கடேசி நாலு வருஷம் பழைய போட்டு ரிப்பேர் மட்டும்தான். ரிப்பேர்னா பாதி நாள் போட்டுக்கு அடில மல்லாக்க படுத்து சுரண்டற வேலை. அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்துட்டேன், இப்போ ரெண்டு மாடும் கொஞ்சம் கேவுரும் புளியமரமும்.

மச்சான் கதைய சொல்லிடறேன். அவன் நாகமரை. மேட்டூர் டேம் தண்ணி எங்க மாவட்டத்துக்குள்ள எவ்ளோ தூரம் வந்து நிக்குதுன்னு வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது, நாகமரைல நின்னா எதிர்ல பண்ணவாடி, அது சேலம் மாவட்டம், நடுவுல தண்ணிதான். போட்டுல ஏறி போனா சீக்கிரம், ரோட்ல போனா சுத்து. வெயில் காலத்துல தண்ணி எறங்கிச்சுன்னா பண்ணவாடி பக்கம் அந்த பழைய கோயில் நந்தி தலைய காட்டும், டிவிக்காரங்க வருவாங்க. அங்கதான் மச்சான் வலை போடறான், பரிசல்ல. மூங்கில் பின்னி அடில சாக்கும் பிளாஸ்டிக்கும் வெச்சு தார் பூசின பரிசல். அவனுக்கு ரொம்ப நாளா ஒரு ஃபைபர் போட்டு வாங்கணும்னு ஆசை. என்ன கேட்டிருந்தா நானே நல்லதா பாத்து குடுத்திருப்பேன், கேட்டா நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு பயந்து, யாரோ ஒரு புரோக்கர புடிச்சு, கடலூர் உப்பனாத்துல ரெண்டு வருஷமா சும்மா கட்டிக்கெடந்த ஒரு பழைய போட்ட 30,000 ரூபாய்க்கு முடிச்சு, காலியா திரும்பற ஒரு மாங்கா லாரில ஏத்தி கொண்டாந்துட்டான்.

அடிய பாத்தா பாவமா இருந்துச்சாம். நாலு வெரல் வெக்க எடம் இல்லாம கொட்டலசு. இத எழுதறப்போ ஒண்ணு சொல்லணும், உங்க குறிப்புல சிப்பின்னு போட்டிருக்கீங்க, அது சிப்பி இல்ல. கடலோரத்துல கொட்டலசுன்னு சொல்லுவாங்க, சின்ன சின்ன எரிமலை மாதிரி, மேல வாய் தொறந்து, வெள்ளையா, கைய வெச்சா கிழிச்சிடும். அது நத்தை சாதியும் இல்ல, எறா, நண்டு சாதி. பரங்கிப்பேட்டைல கடல் படிப்பு படிக்கற பசங்க எங்க யார்டுக்கு வந்து சுரண்டி எடுத்துட்டு போவாங்க, அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். குஞ்சா இருக்கறப்போ கடல்ல நீந்திக்கிட்டு திரியுமாம், அப்புறம் ஒரு எடத்த பாத்து, இங்க ஒட்டலாமா அங்க ஒட்டலாமான்னு தடவி தடவி பாத்து, பொண்ணு பாக்கற மாதிரி, புடிச்சுப்போச்சுன்னா தலைய கீழ வெச்சு பசைய விட்டு ஒட்டிக்கும். ஒட்டினா ஒட்டினதுதான், சாகற வரைக்கும் தலைகீழா நின்னுக்கிட்டு, கால வெளில நீட்டி தண்ணில வர்றத அள்ளி வாய்ல போட்டுக்கும். சுத்தி சுண்ணாம்பு சுவர் கட்டிக்கும், அடிலயும் சுண்ணாம்புல தளம் போட்டுக்கும். டார்வின்னு பரிணாமம் எழுதினாரே, அவரு இந்த கொட்டலச மட்டும் 1846லருந்து எட்டு வருஷம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணாராம். எட்டு வருஷம் ஐயா. நம்ம பெட்டிச்செய்தில நாலு வரில முடிச்சுட்டோம்.

இன்னொரு விஷயம், கடலூர் பக்கம் மணல்ல இழுத்து போடற ஃபைபர் போட்டுல இது அவ்வளவா ஒட்டாது. காலைல கடலுக்கு போயி மத்தியானம் டிராக்டர் வெச்சு கரைல இழுத்துடறாங்க, வெயில்ல காயுது, மணல்ல தேயுது, குஞ்சு ஒட்டறதுக்கு நேரமே கெடைக்கறதில்ல. ஆத்து முகத்துல, ஹார்பர்ல, மாசக்கணக்கா தண்ணிலயே கட்டி கெடக்கற போட்டுக்குத்தான் இந்த தலைவலி. மொதல்ல ஒரு வழுவழுப்பு வரும், கண்ணுக்கு தெரியாத கிருமியும் பாசியும் சேந்த ஒரு படலம், ஓரிரு நாள்லயே வந்துடும். அதுக்கு மேல பச்சை பாசி, அப்புறம் கொட்டலசு, அப்புறம் ஆழின்னு சொல்ற சிப்பி, புழுக்கூடு. வழுவழுப்பா இருக்கறப்போவே வாரத்துக்கு ஒருக்கா ஒரு துணிய வெச்சு தொடச்சா முடிஞ்சுது வேலை. அத யாரும் செய்ய மாட்டாங்க, மேல வெள்ளை வெள்ளையா மொட்டு விட்ட பெறகுதான் யார்டுக்கு வருவாங்க, நாங்களும் அதனாலதான் பொழச்சோம்.

இது ஒட்டிக்கிச்சுன்னா என்ன போச்சுன்னு நெனைக்கலாம். போட்டு நகராது. டீசல் குடிக்கும். ஒரு போர்க்கப்பலுக்கு கணக்கு போட்டு பாத்ததுல, கொட்டலசு கனமா மூடிட்டா அதே வேகத்துல போறதுக்கு 86 சதவீதம் வரைக்கும் கூடுதல் சக்தி வேணும்னு வந்துச்சாம். சின்ன போட்டுக்கு அந்த கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா எஞ்சின் திணறறது காதுலயே கேக்கும்.

சரி மச்சானுக்கு வர்றேன். பர்ஸ்லருந்து உங்க குறிப்ப எடுத்தான், பென்னாகரம் போயி அஞ்சு லிட்டர் ஆசிட் வாங்கினான், போட்ட கவுத்து போட்டு ஊத்தினான். சோடா பாட்டில் ஒடச்ச மாதிரி நொரை பொங்கிச்சாம், அவனுக்கு ஒரே சந்தோஷம், வேலை செய்யுதுன்னு. அது வேலை செய்யறது உண்மைதான், பொய் சொல்லக்கூடாது. ஆசிட் சுண்ணாம்ப தின்னும், நொரையா வர்றது அதுலருந்து கெளம்பற காத்துதான். ஆனா பொகை ஒண்ணு கெளம்பும் பாருங்க, அது மூக்குல ஏறி, கண்ணுல ஏறி, மச்சான் ரெண்டு நாள் இருமினான். அந்த இருமலோடயே கம்பி பிரஷ்ல ஏறி உக்காந்து தேச்சிருக்கான், ஒரு நாள் பூரா. இதுல என் வீட்டுக்காரி, அவனோட அக்கா, நல்ல மனசுல "கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போடுடா, கறை போயிடும்"னு போன்ல சொல்லியிருக்கா. நல்ல வேளை கைல பவுடர் இல்ல. அந்த ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் காத்து வரும், ஆளையே சாச்சிடும். வீட்டு பாத்ரூம்லயும் ரெண்டையும் ஒண்ணா போட்டு கழுவறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க, குறிப்பு போடறதா இருந்தா அத போடுங்க.

மறுநாள் "மாமா வாங்க, வந்து பாருங்க"ன்னு கூப்ட்டான். போய் பாத்தேன். தூரத்துலருந்து சுத்தமா இருந்துச்சு. கைய வெச்சேன். வழவழன்னு ஓட வேண்டிய கை கோணிச்சாக்குல வெச்ச மாதிரி பிராண்டுது. ஜெல் கோட் போயிடுச்சு.

ஜெல் கோட்டுன்னா என்னன்னு தெரியாம யாரும் ஃபைபர் போட்டுல கைய வெக்கக்கூடாது. ஃபைபர் போட்டு செய்யறப்போ மோல்டுல மொதல்ல வேக்ஸ், அதுக்கு மேல கலர் கலந்த ஒரு ரெசின் பூச்சு, அதான் ஜெல் கோட், அரை மில்லிமீட்டர் இருந்தா பெருசு. அது இறுகின பெறகு அதுக்கு உள்பக்கமா கண்ணாடி நார் மேட், துணி மாதிரி நெசவு பண்ண ரோவிங், ரெசின், மறுபடி மேட், இப்படி அடுக்கடுக்கா போட்டு கெட்டி பண்ணுவோம். வெளில நீங்க பாக்கற பளபளப்பு, கலர், எல்லாமே அந்த அரை மில்லிமீட்டர்தான். உள்ள இருக்கற நாரு போட்டுக்கு எலும்புன்னா ஜெல் கோட் தோலு. தண்ணி உள்ள போகாம தடுக்கறது அதான். முழுசா தடுக்கும்னு சொல்ல முடியாது, நல்ல ஜெல் கோட்டுலயே வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊறும். அந்த தோல உரிச்சுட்டா நாரு வெளில தெரியும், நார் வழியா தண்ணி விளக்குத்திரில எண்ணெய் ஏறற மாதிரி ஏறும்.

ஆசிட் நேரா ஜெல் கோட்ட கரைச்சிடாது, அத நான் சொல்ல வரல. கரைச்சது கம்பி பிரஷ். இரும்பு பல்லு கோடு கோடா கீறி வெச்சிடும், அந்த கீறல்ல ஆசிட் எறங்கும், எங்க ஏற்கனவே வெடிப்பு இருக்கோ அங்க உள்ள போயி நாருக்கும் ரெசினுக்கும் நடுவுல உக்காந்துக்கும், கழுவினாலும் வராது. பிரஷ்லருந்து ஒடஞ்ச கம்பி துண்டு ஜெல் கோட்டுல குத்தி நின்னு அப்புறம் துருப்புடிச்சு செவப்பு புள்ளி புள்ளியா வரும். போட்டுல இருக்கற போல்ட்டு, அலுமினிய தகடு, சுக்கான் மாட்டற கொக்கி எல்லாம் ஆசிட்ல அரிச்சு போகும். மச்சான் போட்டுல பின்னாடி இருந்த ரெண்டு போல்ட்டு தலை கைல எடுத்தா மாவா உதிருது.

நான் அப்போவே சொன்னேன், தண்ணில விடாத, ஜெல் கோட் வாங்கி பூசி தர்றேன்னு. ஆடி பதினெட்டுக்கு விட்டே ஆகணும்னு நின்னான். டேம்ல தண்ணி ஏறிக்கிட்டிருந்துச்சு, அந்த நேரத்துல மீன்காரன யாரு நிறுத்த முடியும். விட்டான். தை மாசம் வந்து "மாமா போட்டு கனக்குது, முன்ன மாதிரி துடுப்புக்கு வர்றதில்ல"ன்னான். கரைல இழுத்து கவுத்தோம். அடி பூரா கொப்புளம். அம்மை வந்த மாதிரி. ஒண்ண ஆணியால குத்தினேன், தண்ணி பீச்சிச்சு, மோந்து பாத்தா வினிகர் வாசனை. யார்டுல இத பாத்தா மேஸ்திரி தலைல கைய வெச்சுக்குவாரு. தண்ணி உள்ள போயி ரெசின்ல முழுசா இறுகாம இருக்கறத கரைச்சு, அது இன்னும் தண்ணிய இழுத்து, உள்ள அழுத்தம் ஏறி தோல தூக்கறது அது. பழைய போட்டு, ஏற்கனவே கொஞ்சம் ஊறித்தான் இருந்திருக்கும், ஆனா ஒரு பத்து வருஷத்துல வர வேண்டியது ஆறு மாசத்துல வந்துச்சு.

அப்போ எப்படித்தான் எடுக்கறதுன்னு கேட்டா, எங்க யார்டுல செஞ்சத சொல்றேன், இதுல எந்த ரகசியமும் இல்ல.

மொத விஷயம் ஈரம். போட்டு தண்ணிலருந்து வெளில வந்த அந்த நிமிஷமே வேலைய ஆரம்பிச்சிடணும். அப்போ கொட்டலசு உயிரோட இருக்கும், பாசி ஈரமா இருக்கும், பாதி வேலை தண்ணி பீச்சறதுலயே முடிஞ்சிடும். டீ குடிச்சுட்டு வரலாம், நாளைக்கு பாக்கலாம்னு வெயில்ல விட்டீங்கன்னா பாசி காஞ்சு பெயின்ட் மாதிரி ஒட்டிக்கும், கொட்டலசு சிமெண்டு மாதிரி இறுகிடும். ஒரே நாள்ல முடியாத பெரிய போட்டா இருந்தா கோணிச்சாக்க நனைச்சு மேல போத்தி வெப்போம், மத்தியானம் ரெண்டு தடவை தண்ணி தெளிப்போம், புள்ளைக்கு காய்ச்சல்னா நெத்தில ஈரத்துணி போடற மாதிரி. மச்சான் போட்டு உப்பனாத்துலருந்து லாரில நம்ம ஊர் வெயில்ல வந்து எட்டு நாள் காஞ்சிருந்துச்சு. அதனாலதான் அவனுக்கு ஆசிட் தேவைப்பட்டுச்சு.

ரெண்டாவது கைல என்ன புடிக்கறோம்ங்கறது. பெயின்ட்காரங்க பட்டி பாக்கற பிளேடு இருக்குல்ல, அத வாங்கி ரெண்டு மூலையையும் கல்லுல தேச்சு உருண்டையா பண்ணிக்கணும், கூர் மூலைதான் ஜெல் கோட்ட கீறும். அதவிட நல்லது மரத்துல செஞ்ச செதுக்கி, இல்லன்னா கெட்டி பிளாஸ்டிக். எங்க மேஸ்திரி தேக்கு துண்ட செதுக்கி வெச்சிருப்பாரு, மழுங்கினா மறுபடி சீவுவாரு. பிளேட நேரா குத்தக்கூடாது, படுக்க வெச்சு, தோசை திருப்பற மாதிரி அடில குடுத்து தள்ளணும். நல்ல ஈரத்துல இருந்தா "டக்"னு சத்தத்தோட முழுசா வரும், அந்த சத்தம் கேட்டா கை சரியான சாய்வுல இருக்குன்னு அர்த்தம். சத்தம் கரகரன்னு வந்தா ஜெல் கோட்ட தின்னுக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம், நிறுத்திடணும். கைக்கு கனமான கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி. கொட்டலசு கிழிச்ச காயம் லேசுல ஆறாது, கடல் தண்ணி கிருமி ஏறி கை வீங்கி ஆஸ்பத்திரில கெடந்தவங்கள பாத்திருக்கேன், சக்கரை வியாதிக்காரங்க கிட்டயே போகக்கூடாது.

இப்படி எடுத்தாலும் அடித்தளம் மட்டும் வெள்ளை வட்டமா நிக்கும், அம்மை தழும்பு மாதிரி. இங்கதான் எல்லாருக்கும் பொறுமை போகும், ஆசிட தேடுவாங்க. அதுக்கு வினிகர்ல நனைச்ச துணிய ஒட்டி வெச்சு அரை மணி நேரம் விட்டா இளகும், ஒரு தடவைல போகலன்னா மறுபடி. ரொம்ப பிடிவாதமா இருந்தா பாஸ்பாரிக் ஆசிட் ரொம்ப நீர்க்க கலந்து அந்த வட்டத்துல மட்டும் தொட்டு வெச்சு, உடனே நெறைய தண்ணில கழுவிடுவோம். கலக்கறப்போ தண்ணிலதான் ஆசிட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தக்கூடாது, மூஞ்சில தெறிக்கும். எங்க ஊர் புளிய கரைச்சு தேச்சு பாத்தேன், குத்துவிளக்கு பளபளக்குது, கொட்டலசு அசையல. அதுக்கப்புறம் வாட்டர் பேப்பர்ங்கற நைசு உப்புத்தாள், 400, 600 நம்பர், தண்ணி விட்டுத்தான், கடேசில ரப்பிங் காம்பவுண்டுங்கற பாலிஷ் பசை, மேல வேக்ஸ். தண்ணி மட்டத்துல மஞ்சளா ஒரு கறைக்கோடு நிக்கும், அது ஆக்சாலிக் ஆசிட்ல போயிடும், தேய்க்கவே வேண்டாம்.

மச்சான் நடுவுல ஒரு யோசனை சொன்னான். கிருஷ்ணகிரில அவன் சிநேகிதன் கிரானைட் பாலிஷ் போடற எடத்துல வேலை, அந்த மிஷின கொண்டாந்து அடில ஓட்டினா என்ன மாமான்னான். கிரானைட்டு மலை, ஜெல் கோட்டு பாலாடை, ரெண்டுக்கும் ஒரே மிஷினான்னு கேட்டேன், பேசாம போயிட்டான். உங்க குறிப்ப விட அது மோசமில்லன்னு இப்போ தோணுது.

கடல்ல விடற போட்டுக்கு அடுத்த வருஷமும் இதே வேலை வராம இருக்கணும்னா அடில மருந்து பெயின்ட் அடிக்கணும், செம்பு கலந்தது. செம்புன்னா இந்த ஜீவன்களுக்கு ஆகாது, பிரிட்டிஷ் கடற்படை 1761லயே அலார்ம்னு ஒரு மரக்கப்பலுக்கு அடில செம்பு தகடு அடிச்சு பாத்துச்சு, பூச்சியும் கொட்டலசும் கொறஞ்சுது, ஆனா இரும்பு ஆணி எல்லாம் அரிச்சு போச்சு. நடுவுல வெள்ளீயம் கலந்த டிபிடின்னு ஒரு பெயின்ட் வந்துச்சு, பிரமாதமா வேலை செஞ்சுது, ஆனா தண்ணில கலந்து சிப்பி, நத்தை எல்லாத்தையும் கெடுத்துச்சு, 2001ல உலக நாடுகள் கூடி தடை ஒப்பந்தம் போட்டு 2008லருந்து அமலுக்கு வந்துச்சு. பழைய போட்டு வாங்கறவங்களுக்கு ஒண்ணு, அடில பழைய மருந்து பெயின்ட் இருந்தா அத காஞ்ச உப்புத்தாள்ல தேய்க்காதீங்க, அந்த தூசி நேரா நெஞ்சுக்கு போகும். தண்ணி விட்டு தேயுங்க, வழியற கசடு கீழ ஒரு தார்பாய்ல சேரட்டும், ஆத்துலயோ ஏரிலயோ விடாதீங்க.

எங்க ஊருக்கு இந்த பெயின்ட் எதுவும் வேண்டாம். மேட்டூர் தண்ணிலயும் கிருஷ்ணகிரி டேம்லயும் கொட்டலசு ஒட்டாது, அதுக்கு உப்புத்தண்ணி வேணும். கடலூர்லயே மழைக்காலத்துல உப்பனாத்துல வெள்ளம் வந்து தண்ணி இனிப்பாயிடுச்சுன்னா நெறைய செத்துப்போகும், சில பேரு அதுக்காகவே போட்ட ஆத்துக்குள்ள மேல ஏத்தி கட்டுவாங்க. செத்தாலும் ஓடு விழாது, அத மறந்துடாதீங்க, பசை பசைதான். நம்ம டேம்ல வர்றது பாசி மட்டும்தான், கரைல இழுத்த உடனே தேங்கா நாரும் தண்ணியும் வெச்சு தேச்சா அஞ்சு நிமிஷம்.

இதவிட எனக்கு வேற ஒரு பயம் இருக்கு. கடல் பக்கத்துலருந்து, காயல் பக்கத்துலருந்து பழைய போட்ட மலிவா இருக்குன்னு இங்க கொண்டாந்து அப்படியே டேம்ல தள்ளறாங்க. எண்ணூர், பழவேற்காடு பக்கம் காக்கா ஆழின்னு ஒரு வெளிநாட்டு ஆழி பரவி, ஆத்தடி பூரா கம்பளி விரிச்ச மாதிரி மூடி, எறா புடிக்கறவங்க பொழப்ப கெடுத்துச்சுன்னு உங்க பேப்பர்லயே வந்துச்சு, கேரளா அஷ்டமுடி காயல்லயும் அதே கதை. தென் அமெரிக்கா பக்கத்து ஜீவன், கப்பலோட வந்ததுன்னு சொல்றாங்க. அது உப்பும் இனிப்பும் கலந்த தண்ணிக்காரன், மேட்டூர்ல வந்து குடும்பம் நடத்தும்னு நான் சொல்லல. ஆனா எது எந்த தண்ணிக்கு பழகும்னு போட்ட தள்ளறதுக்கு முன்னாடி யாரும் கேட்டுக்கிட்டு நிக்கறதில்ல. சுரண்டி, கழுவி, உள்ள தேங்கின தண்ணிய கொட்டி, ரெண்டு வாரம் நல்லா காய விட்டு எறக்கினா போச்சு. சுரண்டினத குழி வெட்டி பொதைச்சிடுங்க, தென்னைக்கு அடில போட்டா சுண்ணாம்பு சத்து, நாத்தம் மட்டும் நாலு நாளைக்கு இருக்கும்.

மச்சான் போட்டு இப்போ என் வீட்டு புளியமரத்தடில கவுந்து கெடக்கு. கொப்புளம் எல்லாத்தையும் தொறந்து, நல்ல தண்ணில கழுவி கழுவி அந்த வினிகர் வாசனை போக வெச்சிருக்கேன். பங்குனி, சித்திரை வெயில் பூரா காயணும், சும்மா மேலாக்க இல்ல, உள்ள. ஒத்த ரூபா காச எடுத்து தட்டிக்கிட்டே வர்றேன், ஊறின எடம் மொத்தையா சத்தம் போடுது, காஞ்ச எடம் கணீர்னு கேக்குது, தெனமும் சாயங்காலம் கணீர் கொஞ்சம் கூடுது. காஞ்ச பெறகு எப்பாக்சி ரெசின் பூசணும், பாலியஸ்டர் ரெசின் பூசினா மறுபடி தண்ணி போகும். மேல் பக்கம் கீறல் மட்டும் இருக்கற எடத்துல ஜெல் கோட்டு, வெயில் காலம்ங்கறதால இறுக வெக்கற கேட்டலிஸ்ட் கொறைச்சு, இல்லன்னா டப்பாலயே கல்லாயிடும். காத்து பட்டா ஜெல் கோட்டு மேல பிசுபிசுப்பு போகாது, அதனால பூசின உடனே மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டணும், இதெல்லாம் மச்சானுக்கு இப்போ மனப்பாடம். சாமான் செலவு மட்டும் போட்டு வெலைல பாதிய தாண்டிடும் போலருக்கு. கூலி கெடையாது, அக்கா புருஷன்.

உங்கள கேக்கறது ஒண்ணுதான் ஐயா. தப்பான குறிப்பு ரெண்டு தடவை வந்துச்சு, அந்த பெட்டிலயே, அதே ஞாயித்துக்கிழமை பக்கத்துல, அதே எழுத்து அளவுல, ஃபைபர் போட்டுல ஆசிடும் கம்பி பிரஷும் வேண்டாம், ஈரத்துலயே மரப்பிளேடால எடுங்கன்னு ரெண்டு வரி போடுங்க. இந்த லெட்டர் நீளமா இருக்கு, முழுசா போட முடியாதுன்னு தெரியும். அந்த ரெண்டு வரி போதும், மச்சான் அதையும் கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சுக்குவான். ஆடிக்கு முன்னாடி போட்டீங்கன்னா நல்லது, அப்போதான் தண்ணி ஏறும், நாகமரைல இன்னும் ரெண்டு பேரு பழைய போட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்காங்க.

இப்படிக்கு,
பழைய போட்டு யார்டு தொழிலாளி ஒருத்தன்,
ஏரியூர், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.